குதிரை நடுவில் நிற்கவேண்டும்

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுசாக்கித் தருகிற தொழிலில் காருக்கு வயது குறையும், அதைத் தொட்டவர்களுக்குக் கூடும். அரபு நாட்டில், அல் குசைஸில் ஒரு கராஜின் முன்மேசையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அதையே உள்ளே போய் வேலை செய்கிறவர்களிடம் அடி வாங்காத விதமாகச் சொல்லுகிற உத்தியோகம் என்னுடையது. துணிக்கடையோ வங்கியோ, நீங்களும் ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் இப்படித் தலையாட்டிக்கொண்டிருக்கிறவர் என்றால் என் நோவு உங்களுக்கும் தெரியும்.

நான் சாவகச்சேரிக்காரி. காருக்கு நாலு ரயர், ஒரு ஹோர்ன் என்ற அளவு அறிவோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன். இப்போது மஸ்டாங் என்கிற அமெரிக்கக் காரின் பின்லைற்றைப் பார்த்தே அது பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடுவேன். என் மச்சாளின் பிள்ளைகள் பிறந்த வருஷம் கேட்டால் தெரியாது.

காற்றுப் போகாத வாய்

முருகேசன் கரூர்ப் பக்கத்து ஆள். ஊரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை செய்தவர். பஸ்ஸின் பக்கவாட்டில் நூல் பிடித்தால் நூலும் தகடும் ஒட்டி நிற்கவேண்டும், அதுதான் அவர் படித்த படிப்பு. வந்த புதிதில் ஓர் அறுபத்தைந்தாம் வருஷத்து மஸ்டாங்கை அவரிடம் விட்டார்கள். அந்தக் காரில் கதவின் மேலாக ஒரு நீளக் குழிவு ஓடிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வாய் திறந்த மாதிரி முடியும். காற்றை உள்ளே இழுக்கிற வாய் போலத் தோன்றும், ஆனால் உள்ளே வழி கிடையாது. அழகுக்காக வரைந்தது. அதைப் பார்த்துத்தான் ஊர் உலகம் மயங்கியது என்கிறார்கள்.

முருகேசன் மயங்கவில்லை. யாரோ இடித்த நெளிவு என்று நினைத்து, ஒரு பக்கம் முழுவதற்கும் பட்டி பூசி நிரப்பி, தேய்த்து, கரூர் பஸ் மாதிரி நேராக்கிவிட்டார். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். எங்கள் மனேஜர் தோமஸ் திருச்சூர்க்காரர், தலையில் கைவைத்தபடி "டிசைன், டிசைன்" என்று புலம்பிக்கொண்டே காரின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். முருகேசன் படத்தையும் காரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காத்துப் போவாத ஓட்டைக்கு வாய் எதுக்குங்க்கா? எங்கூர்ல இப்படி ஒரு பஸ்ஸக் கட்டிக் குடுத்தா, ஓனரு மொதல்ல நம்ம வாயத்தானுங்க அடப்பாரு."

இரண்டு மாப்பிள்ளைகள்

ஒரு நாள் பாரவண்டியில் ஏறிக்கொண்டு ஒரு கறுப்பு மஸ்டாங் வந்தது, அறுபத்தொன்பதாம் வருஷத்தது. கார் என்பதைவிட காரின் எலும்பு என்று சொல்லலாம். பின்னாலேயே அதன் சொந்தக்காரர் அபு சைஃப் வந்து இறங்கினார். அவருடைய மூத்த மகன் சைஃபுக்கு டிசம்பரில் கல்யாணம். மண்டபத்து வாசலில் மகன் இந்தக் காரில்தான் வந்து இறங்கவேண்டும், உறுமல் சத்தம் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கேட்கவேண்டும். இதுதான் ஓர்டர்.

எங்கள் பக்கத்திலும் ஒரு மாப்பிள்ளை இருந்தார். முருகேசனுக்குக் கரூரில் பெண் பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் வைத்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. பெண்ணின் பெயர் மேகலா, நேர்சரிப் பள்ளியில் ரீச்சர். லீவு கேட்டு அவர் தோமஸின் முன்னால் நின்றபோது நானும் பக்கத்தில் நின்றேன். தகடு வளைக்கிறவர்களில் கைவேலை சுத்தமான ஆள் அவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. தோமஸ் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டு, முதலில் கார்தான் என்று என்னிடம் மலையாளத்தில் சொன்னார்.

"சேச்சி, ஆத்யம் அபு சைஃபின்றெ கல்யாணக் கார் போகட்டே, பின்னே நம்ம மாப்பிள்ளை போகட்டே."

எல்லாத் தட்டிலும் கொஞ்சம்

அபு சைஃப் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் வாய்க்குள்ளாவது திட்டலாம். அவருக்கு வியாழக்கிழமைகளில் நண்பர்களோடு கூடிப் பேசுகிற மஜ்லிஸ் உண்டு. அங்கே காவா என்கிற அரபுக் காபி குடித்துக்கொண்டு யாராவது எதையாவது சொல்வார்கள். சனிக்கிழமை அது எங்கள் கராஜுக்கு வந்துவிடும். அறுபத்தைந்தாம் வருஷத்துக் காரின் பக்கவாட்டுக் குழிவு இதில் ஏன் இல்லை என்று முதலில் கேட்டார். வருஷத்துக்கு வருஷம் வடிவம் மாறும், இந்த வருஷத்துக்கு அது கிடையாது என்றேன். வைத்துத் தாருங்கள் என்றார். ஆகவே, குழிவை நிரப்பியதற்குத் திட்டு வாங்கிய முருகேசன், குழிவே இல்லாத காரில் அதைத் தோண்ட உட்கார்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை பின்பக்கம். அறுபத்தேழில் பின்பக்கத் தகடு உள்நோக்கி வளைந்திருக்கும், அது வேண்டும். அதற்கடுத்த கிழமை முகம். முன்னால் நாலு லைற் கூடிப்போயிற்றாம், எழுபதில் வந்த மாதிரி இரண்டு போதும். பின்பு நாலு. பின்பு இரண்டு. ஆவணி முகூர்த்தம் இந்த இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் கடந்து போனது. மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லையாம், முருகேசன் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே ஒருவருக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, எந்த வருஷத்துக் கார் வேண்டும் என்று ஒரு முடிவு சொல்லுங்கள் என்று அபு சைஃபிடமே கேட்டேன். அவர் முதல் பாதியைக் கேட்கவில்லை. இரண்டாம் பாதிக்கு, என்மேல் இரக்கப்பட்டவர் மாதிரிப் பதில் சொன்னார்.

"சிஸ்டர், ஹோட்டல் பஃபேயில் ஒரே தட்டின் முன்னாலேயே யாராவது நிற்பார்களா? எல்லாவற்றிலும் நல்லதைக் கொஞ்சம் கொஞ்சம் எடுப்போம்."

சாப்பாட்டுக் கார்

கராஜின் முற்றத்தில் இன்னொரு மஸ்டாங் நிற்கும். எழுபத்துநாலாம் வருஷத்தது, சின்னது, நாலு சிலிண்டர். வெயில் குடித்துக் குடித்து அதன் மஞ்சள் நிறம் பழைய கடுகு டப்பா மாதிரி ஆகிவிட்டது. முகப்பில் உள்ள, எல்லா மஸ்டாங்குக்கும் அடையாளமான குதிரைச் சின்னம்கூட நாலுகால் பாய்ச்சலை விட்டுவிட்டு நிதானமாக ஓடுகிற மாதிரித்தான் இருக்கும். யாரோ விட்டுப் போனதைக் கராஜ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் எடுத்துவர அதுதான் போகும். பின்சீற்றில் சாம்பார் கொட்டாத கிழமை கிடையாது. முருகேசன்தான் அதற்கு எண்ணெய் தண்ணீர் பார்ப்பார். ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை.

அந்த மொடலின் கதையை அபு சைஃப்தான் எனக்குச் சொன்னார். எழுபத்துமூன்றில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய்க் குழாயைப் பூட்டின, பெற்றோல் நிலையங்களில் கார்கள் வரிசையில் நின்றன, பயந்துபோன அமெரிக்காக்காரன் காரைச் சுருக்கி இப்படிச் செய்தான் என்பது அவருடைய வரலாறு. காரை வரைந்தது அதற்கு முன்பே, குழாயைப் பூட்டியதும் அதன் அதிர்ஷ்டம் திறந்தது என்பது தோமஸின் வரலாறு. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது தோமஸ் தன் வரலாற்றைச் சொல்லமாட்டார். எந்த வரலாறாக இருந்தாலும், அந்தச் சின்னக் காரைக் கடந்து போகும்போதெல்லாம் அபு சைஃபின் முகம் ஒரு பக்கம் கோணும்.

"இதைத் துணி போட்டு மூடிவையுங்கள், சிஸ்டர். என் கார் பார்த்தால் பயந்துவிடும்."

பொட்டு வைத்த பொனற்

ஆயுதபூஜையை நாங்கள் சத்தமில்லாமல் கொண்டாடுவோம். ஆயுதங்கள் வைக்கும் அறையில் ஸ்பானர், கொம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பங்கிட்டு, கதவைச் சாத்திவிடுவோம். ஆனால் கரூர்க் கை அறையோடு நிற்கவில்லை. பஸ் பட்டறையில் முதலில் பொட்டு வைப்பது வண்டிக்குத்தான். முருகேசன் மஞ்சளும் சந்தனமும் குழைத்துக்கொண்டு போய், அப்போதுதான் கறுப்பு அடித்துப் பளபளவென்று நின்ற அபு சைஃபின் காரின் முன்மூடியில், அந்தப் பொனற்றில், அகலமாக மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். கல்யாணம் நல்லபடி நடக்கட்டும் என்றுதான் வைத்தாராம். யாருடைய கல்யாணம் என்று நான் கேட்கவில்லை.

நான் ஓடிவந்து துடைக்கச் சொல்வதற்குள் வாசலில் அபு சைஃபின் செருப்புச் சத்தம். எல்லோருக்கும் விசா கண்முன்னால் வந்து போனது. அபு சைஃப் பொனற்றின் முன்னால் நின்றார், தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார். பந்தயக் கார்களில் பொனற்றின் மேலே கோடு போடுவார்கள் அல்லவா, அவர் மனம் அங்கே போயிருக்கிறது.

"சிஸ்டர், இது எந்த வருஷத்து டிசைன்? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே."

குதிரை

எந்த வருஷத்ததும் இல்லை என்று சொல்லித் துடைத்தோம். காயாத பெயின்ற்றில் மஞ்சள் பிடித்துவிட்டது. பொனற்றைச் சுரண்டித் திரும்ப அடிக்கவேண்டியதாயிற்று. அது முடிவதற்குள் குதிரைப் பிரச்சினை வந்தது. அறுபத்தொன்பதாம் வருஷம் மட்டும், ஏனோ தெரியாது, முகப்பின் நடுவில் ஓடிய குதிரையைச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்தார்கள். அபு சைஃபுக்கு அது பொறுக்கவில்லை. மகன் கல்யாணத்தில் குதிரை நடுவில் நிற்கவேண்டும் என்றார். முருகேசன் முகப்பு வலையைக் கழற்றி, தாங்கி அடித்து, நடுவில் வைத்தார். மஜ்லிஸில் ஒருவர் ஓரத்தில் நின்றால்தான் அசல் என்றாராம். ஓரத்துக்குப் போனது. இன்னொருவர் ஓரத்தில் நிற்பது மரியாதையா என்றாராம். நடுவுக்கு வந்தது. மற்றொருவர் அது ஏன் இடப்பக்கம் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார், அதற்கு நல்லகாலம் ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

ஐப்பசி முகூர்த்தமும் போய்விட்டது. வேலை நேரத்தில் முருகேசனின் போன் அலமாரியில் இருக்கும் என்பதால் மேகலா என் மேசைப் போனுக்கு அழைத்தாள். குரலில் அழுகை இல்லை, ஆனால் அழுது முடித்த குரல். கார்த்திகையில் கடைசி முகூர்த்தம் இருக்கிறதாம். அதையும் விட்டால் மார்கழி, கல்யாணம் கிடையாது. தைவரை வீட்டில் பொறுக்கமாட்டார்களாம், மாமன் மகன் ஒருவன் தயாராக நிற்கிறானாம். "நான் சொன்ன சொல்லு மாறமாட்டனுங்க, ஆனா என் சொல்ல யாருங்க கேக்கறாங்க" என்றாள். அங்கே அப்படி என்னதான் வேலை என்று கேட்டாள். "இஞ்சை ஒரு குதிரையாலை பிரச்சினை, பிள்ளை" என்று தொடங்கி, நடுவும் ஓரமும் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் முழுவதும் கேட்டாள்.

"குதிர நடுவுல நின்னா என்ன, ஓரமா நின்னா என்னங்க்கா? இங்க மணவறைல மாப்பிள்ளை நிக்கோணுமல்லங்க."

சின்னது

தன் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் சைஃப் காரைப் பார்க்க வந்தான். வெளிநாட்டில் படித்தவன், தகப்பனிடம்கூட இங்கிலிஷ்தான். கறுப்புக் கார் அறுபத்தைந்து, அறுபத்தேழு, அறுபத்தொன்பது, எழுபது எல்லாம் சேர்ந்து, நாலு மாமியார் கூடிச் சமைத்த குழம்பு மாதிரி நின்றது. அபு சைஃப் சாவியைத் திருகினார். பக்கத்து ரயர் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். சைஃப் காதைப் பொத்திக்கொண்டு, ஏசி எங்கே என்று கேட்டான். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பார்சலோடு சின்ன மஞ்சள் கார் முற்றத்துக்குள் வந்தது, முருகேசன் ஓட்டிக்கொண்டு.

சைஃப் அதை ஒரு சுற்றுச் சுற்றினான், வெயிலில் வெளுத்த இடங்களைத் தடவிப் பார்த்தான். இந்த நிறத்தை வேண்டுமென்று அடித்தால்கூட வராது, இதில்தான் போவேன் என்றான். அபு சைஃபுக்குக் கோபத்தில் தலைத்துணி சரிந்தது. இது தோற்றவனின் கார், நாங்கள் குழாயைப் பூட்டினோம், அதனால் பிறந்த நோஞ்சான் பிள்ளை இது, இதிலா என் மகன் இறங்குவான் என்று கத்தினார். அந்தக் கதையைச் சைஃப் அன்றுதான் முதலில் கேட்கிறான் போலிருக்கிறது. ஆர்வமாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்:

"அப்படியென்றால் இத்தனை மஸ்டாங்கிலும் நாங்கள் டிசைன் செய்தது இது ஒன்றுதானே, பாபா?"

கையெழுத்து

தகப்பன் காலத்துப் பெருமையைத் திட்டுவதா கும்பிடுவதா என்று அபு சைஃபுக்குத் தெரியவில்லை. பெயின்ற் அடிக்கக்கூடாது, ஒரு கீறலையும் தொடக்கூடாது என்று சைஃப் கட்டளை. எதையும் தொடாமல் விடுவதற்கு எவ்வளவு வாங்கலாம் என்று தோமஸ் யோசித்துக்கொண்டிருந்தார். முருகேசனுக்கு இருந்த ஒரே வேலை பின்சீற்றின் சாம்பார் வாசத்தைப் போக்குவது. அந்தக் கார் போகும் நிலையில்தான் எப்போதும் இருந்தது, அவர் அப்படி வைத்திருந்தார்.

தகப்பனும் மகனும் சின்னக் காரை எடுக்க வந்த அன்று, எனக்கு எங்கிருந்தோ துணிவு வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படியாகத் தோமஸிடம், "கல்யாணக் கார் போகுது. இனி எங்கடை மாப்பிள்ளையும் போகலாம்தானே?" என்று கேட்டேன். கறுப்புக் கார் இன்னும் நிற்கிறதே என்று அவர் இழுத்தார். எந்த மாப்பிள்ளை என்று அபு சைஃப் கேட்டார். உள்ளே ஒருவருக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று, ஆவணியில் அவரிடமே சொன்ன அதே வசனத்தைத் திரும்பச் சொன்னேன். இந்த முறை அவர் கேட்டார், ஏனென்றால் இந்த முறை அவரும் ஒரு மாப்பிள்ளையின் தகப்பன், மகனின் கல்யாணம் நாளைக்கோ மறுநாளோ. முருகேசனைப் பார்த்தார். சாவியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு அவர் நின்றார், நகத்தில் பட்டி காய்ந்திருந்தது. என் மகனுடைய காரைக் காட்டி இன்னொருத்தன் கல்யாணத்தை நிறுத்துவீர்களா, ஹராம், பாவம் என்று அபு சைஃப் தோமஸைக் கேட்டார். குதிரையை நடுவில் வை, ஓரத்தில் வை என்றது யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. தோமஸின் பேனா திறந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. போட்டுவிட்டு, முதலில் சொன்னதே தான்தான் என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

"ஞானல்லே சேச்சி ஆத்யமே பறஞ்ஞது, கல்யாணமாணு முக்கியம் என்று?"

இன்னும் எத்தனை

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் முருகேசன் மணவறையில் நின்றார், நட்டநடுவில். வீடியோ அனுப்பினார்கள். வாடகைக்கு எடுத்த கல்யாணக் காரில் ஏறப்போகும்போது மாலையோடு குனிந்து, கதவிலிருந்த ஒரு நெளிவைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார், மேகலா அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இங்கே சைஃபின் கல்யாணத்தில் எல்லோரும் சின்ன மஞ்சள் காரோடுதான் நின்று படம் எடுத்தார்களாம். மஜ்லிஸில் இப்போது எல்லோருக்கும் எழுபத்துநாலு வேண்டும். போன சனிக்கிழமை அபு சைஃப் வந்து, கறுப்புக் காரைக் கொஞ்சம் சுருக்க முடியுமா, கொஞ்சம் வெயிலில் வைத்து வெளுக்க முடியுமா என்று விசாரித்தார். நான் தலையாட்டினேன். லீவு முடிந்து முருகேசன் புறப்படுவதற்கு முதல்நாள் மேகலா அழைத்தாள். நன்றி சொல்லத்தான் எடுத்தாள், சொல்லவும் சொன்னாள். அடுத்த லீவைப் பற்றிக் கேட்பாள் என்று நானும் ஏதோ ஆறுதலைத் தயாராக வைத்திருந்தேன்.

"லீவு எப்பன்னு நான் கேக்கலைங்க்கா. அந்த அரபிக்குக் கல்யாணத்துக்கு இன்னும் எத்தன பசங்க நிக்கறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மஸ்டாங்கின் வடிவமைப்பு வரலாற்றில் நான் படித்துத் தேறியது இவ்வளவுதான்: ஒருவர் குழாயைப் பூட்டினால் இன்னொருவர் காரைச் சுருக்குவார், பூட்டியவரின் மகன் அதற்கு ஆசைப்பட்டால் கரூரில் ஒரு முகூர்த்தம் பிழைக்கும், அபு சைஃபுக்கோ கல்யாண வயதில் இன்னும் மூன்று மகன்கள்.